மலாக்கி சுட்ட ரொட்டி

"மாட்டுக்கு அந்தப் பக்கத்து மேசை, மச்சான்" என்றான் ஜார்லத், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"மாட்டுக்கு இல்ல மாப்ள. படிச்சுப் பாரு" என்றான் மலாக்கி டியர்னன்.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஊர்ச்சனம் பங்குக் கூடத்தில் வந்து நின்றிருந்தது. க்ளூனார்டில் ஆகஸ்ட் மாத விவசாயக் கண்காட்சிக்குப் பெயர் கொடுக்க அதுதான் கடைசி நாள். மலாக்கியின் தங்கை டிம்ப்னாவைக் கட்டிய ஜார்லத்தான் அந்தக் கண்காட்சியின் செயலாளர். உரக்கடை வைத்திருந்ததால் எதையும் எடைபோட்டுப் பார்ப்பது போல ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்ப்பான். அப்படியே படிவத்தையும் பார்த்தான். பிரிவு நாற்பத்தேழு, வீட்டில் சுட்ட சோடா ரொட்டி. போட்டியாளர் பெயர், மலாக்கி டியர்னன். தொழில், விவசாயம்.

ஜார்லத் ஈறு தெரியச் சிரித்தான். மச்சான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"இது பொம்பளைங்க பிரிவு."

"ரொட்டிப் பிரிவுன்னுதான போட்டிருக்கு?"

"அடியில பாரு. இல்லத்தரசிகளுக்கு மட்டும்."

"நானும் இல்லத்துலதான் இருக்கேன். அங்க எனக்கு மேல அரசனும் இல்ல, அரசியும் இல்ல."

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பக்கத்துப் பண்ணைக்காரன் கோர்மக் பெர்ன் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். "ஏய் மலாக்கி, அடுத்த வருஷம் அழகிப் போட்டிக்கும் பேர் குடுப்பியா?"

"நீ நடுவரா இருந்தாக் குடுக்கறேன். உனக்குத்தான் கண்ணு சரியாத் தெரியாதே."

ஜார்லத் படிவத்தைத் திருப்பி நீட்டினான். மலாக்கி அதை வாங்கவில்லை. "சனிக்கிழமை காலையில ரொட்டியோட வரேன்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தான்.

இந்த வீம்புக்குக் காரணம் அன்றைய பூசையில்தான் கிடைத்தது. கண்காட்சியில் அந்த வருடம் புதிதாக ஒரு வெள்ளிக் கோப்பை கொடுக்கப் போவதாகப் பங்குச்சாமி அறிவித்தார். ஹொனோரா டியர்னன் நினைவுக் கோப்பை. ஜனவரியில் இறந்துபோன ஹொனோரா மலாக்கிக்கும் டிம்ப்னாவுக்கும் அம்மா. கோப்பையை வழங்குவது டிம்ப்னா. "நம் பங்கின் ரொட்டி மரபு ஹொனோராவோடு மறைந்துவிடாமல் காக்கும் பெண்மணிக்கு" என்று சாமியார் துண்டுக் காகிதத்தைப் பார்த்து வாசித்தார். அன்று காலை அதே ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றுவிட்டுத்தான் மலாக்கி பூசைக்கு வந்திருந்தான். மறைந்துவிடாமல் என்ற சொல்லைக் கேட்டதும் அவனுக்குக் காது மடல் சூடேறியது.

ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. ஒன்பது வருடங்கள் தொடர்ந்து முதல் பரிசின் சிவப்பு அட்டையை வாங்கிய அந்த ரொட்டியை ஹொனோரா சுடவில்லை. மலாக்கிதான் சுட்டான்.

அறுபத்துநாலாம் வருடக் குளிரில் ஹொனோராவின் விரல்கள் மடங்கிப்போயின. பறவையின் கால்நகம் போல உள்ளங்கைக்குள் வளைந்துகொண்டு, அதன் பிறகு நீளவே இல்லை. ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியாதவள் மாவு எப்படிப் பிசைவாள்? டிம்ப்னா அப்போது டப்ளினில் தட்டச்சு வேலையில் இருந்தாள். வீட்டில் இருந்தது மலாக்கி மட்டும். ஆர்கினா மலைப்பக்கத்து அம்மாவழி வீடுகளில் இரண்டு நாளைக்கு ஒருமுறை சுட்டே தீர வேண்டிய ரொட்டி அது. கோதுமை மாவில் ஒரு கைப்பிடி ஓட்ஸ் நொய், உப்பு, ஆப்பசோடா, சீமைச் சீரகம், புளித்த மோர், அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து அந்த மேசையடியில் வளர்ந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முதல் நாளே கை அதுவாகப் போய் மாவில் இறங்கியது.

"கதவைச் சாத்துடா" என்பாள் ஹொனோரா. வாசல் சரளைக்கல்லில் யாராவது நடந்துவரும் சத்தம் கேட்டால் மலாக்கி அம்மாவின் மணிக்கட்டிலும் புறங்கையிலும் மாவைத் தூவி, கிண்ணத்தை அவள் மடிப்பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் புறக்கதவு வழியாகத் தொழுவத்துக்குப் போய்விடுவான். வருகிறவர்கள், "இந்த வயசுலயும் விடாமச் சுடுறீங்களே" என்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். கண்காட்சிக்குப் பெயர் கொடுக்காமல் இருக்க அவளுக்கு மனம் வரவில்லை. கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தவள். அவளிடம் மிச்சம் இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான், போகட்டுமே என்று மலாக்கி விட்டுவிட்டான். அவனுக்கும் கூச்சம் இருந்தது. க்ளூனார்டு இருக்கும் லீட்ரிம் பக்கம் ஒரு ஆண்பிள்ளை மாவுக்கையோடு வாசலில் நின்றால் அடுத்த ஞாயிறுவரை அதுதான் பேச்சு.

இப்போது அந்தக் கூச்சம் போன இடம் தெரியவில்லை. அம்மாவின் அடக்கத்தன்று சொந்தக்காரர்கள் கடையில் வாங்கிய ரொட்டியை வெட்டித் தட்டில் அடுக்கினார்கள். "இனிமே அந்த ருசிக்கு எங்க போறது" என்று ஆளாளுக்கு அங்கலாய்த்தார்கள். அன்று அவன் வாயைத் திறக்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் தன் மேலேயே அவனுக்கு ஆத்திரம் வரும்.

புதன்கிழமை மதியம் டிம்ப்னா வந்தாள். காரை வாசலிலேயே விட்டுவிட்டுக் கையுறையைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் நுழைந்தாள்.

"அண்ணே, நீ என்ன பண்ணிட்டிருக்கேன்னு உனக்குத் தெரியுதா?"

"தெரியுதே. டீ போட்டுட்டிருக்கேன். உக்காரு."

"ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். வாய் வலிச்சா அவங்களே நிறுத்திக்குவாங்க."

"அவருக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா? செக்ரட்டரியோட மச்சானே வந்து..."

"மாப்ளைக்கு அவமானம்னா ஒரு மூட்டை உரம் குறைச்சு விக்கட்டும். நான் ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. யாரு ரொட்டி சுட்டான்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

டிம்ப்னா நாற்காலியில் உட்கார்ந்தாள். கையுறையை ஒவ்வொரு விரலாக உருவினாள்.

"தெரியும். கல்யாணம் ஆகி இங்க வந்த புதுசுல ஒருநாள் ஜன்னல் வழியாப் பாத்தேன். அம்மா கையில நீ மாவு தூவிட்டிருந்த. நான் உள்ள வராம அப்படியே திரும்பிப் போயிட்டேன்."

"தெரிஞ்சுமா மறைந்துவிடாமல்னு எழுதிக் குடுத்த?"

"வேற என்னன்னு எழுதுறது?" அவள் குரல் உயர்ந்தது. "பொண்ணு நான்தான அண்ணே? எனக்குத்தான் அது வந்திருக்கணும். நான் சுட்டா செங்கல்லு மாதிரி வருது. 'டிம்ப்னா, உங்கம்மா கைப்பக்குவம் உனக்கு வந்திருக்குமே'ன்னு ஒவ்வொருத்தியும் கேக்குறா. கடை ரொட்டிய வாங்கி, உறைய அடுப்புல போட்டு எரிச்சுட்டு, துணியில சுத்தி மேசையில வைக்கிறேன். வர்றவங்களும் அம்மா ருசி அப்படியே இருக்குன்னு சொல்லிட்டுப் போறாங்க. அது தெரியுமா உனக்கு?"

மலாக்கிக்கு அது தெரியாது. கெட்டிலை இறக்கி வைத்தான்.

"வேணும்னா சொல்லு, சேந்து சுடலாம்" என்றான்.

"எனக்கு வேணாம். அம்மாவுக்கு மிஞ்சினது பேரு மட்டும்தான். அதையும் கெடுத்துடாத. அதுக்குத்தான் வந்தேன்."

"அம்மா பேர நான் எடுக்கவே மாட்டேன். வார்த்தை தரேன். யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஆனா என் பேர நான் சொல்லுவேன். நாப்பத்தெட்டு வயசாச்சு டிம்ப்னா. ஒருதரம் சத்தமாச் சொல்லிக்கிறேன்."

அவள் டீயைக் குடிக்காமலே போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மாடுகளைக் கறந்து முடித்து, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு மலாக்கி அடுப்புக்கு முன்னால் நின்றான். விறகுபோல எரியும் காய்ந்த சதுப்பு மண்கட்டிகளை இரும்பு அடுப்பில் திணித்துக் கனல விட்டான். அவ்வளவு வருடங்களில் முதல்முறையாக வாசற்கதவை அகலத் திறந்து வைத்தான். ஆப்பசோடாவை உள்ளங்கையில் கொட்டிக் கட்டி இல்லாமல் விரலால் நசுக்கிவிட்டுத்தான் மாவில் போட்டான். நடுவில் குழி பறித்து மோரை ஊற்றி, விரல்களை விரித்துப் பிடித்து வட்டமாக இரண்டு சுற்று, மூன்று சுற்று. அதற்கு மேல் அந்த மாவைத் தொந்தரவு செய்யக் கூடாது. தட்டி உருட்டிக் கத்தியால் ஆழமாகச் சிலுவை கீறினான். ரொட்டிக்குள் மலைப்பேய்கள் இருந்தால் வெளியேறட்டும் என்று, பாட்டி காலத்து வழக்கப்படி நான்கு கால்பாகத்திலும் ஒரு குத்து. மேலே மோர் தடவி உள்ளே தள்ளினான்.

யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வாக்குவாதம் நடத்திக்கொண்டே நின்றதில் வெளியே எடுக்க நேரம் கொஞ்சம் தாண்டிவிட்டது. அடியில் விரலால் தட்டிப் பார்த்தான். காலிப் பெட்டியைத் தட்டினால் கேட்பது போன்ற சத்தம். சரியாக இருந்தது. துணியில் சுற்றி டிராக்டரில் பக்கத்தில் வைத்துக்கொண்டு புறப்பட்டான்.

கண்காட்சித் திடலில் ரொட்டிகளுக்கென்று தனிக் கூடாரம். நீள மேசையில் வெள்ளைத் துணி விரித்துப் பதினான்கு ரொட்டிகள் வரிசையாக இருந்தன. மலாக்கி நேராகப் போய்ப் பதினைந்தாவதாகத் தன் ரொட்டியை வைத்தான். ஜார்லத் வந்து அதை எடுத்துப் பக்கத்து ஸ்டூலில் வைத்தான். மலாக்கி மறுபடி எடுத்து மேசையில் வைத்தான். ஜார்லத் மறுபடி எடுத்தான்.

"மச்சான், பிடிவாதம் பண்ணாத. கமிட்டி முடிவு."

"கமிட்டில யாராச்சும் ஒரு ரொட்டி சுட்டிருக்கீங்களா?"

"விதி விதிதான்."

"சரி. கை வலிக்கிற வரைக்கும் நீ எடு. நான் வைக்கிறேன்."

கூட்டம் சேர்ந்துவிட்டது. பீர்க் கூடாரத்திலிருந்து கோர்மக்கும் இன்னும் நாலு பேரும் கிளாஸோடு வந்து நின்றார்கள். "மலாக்கி, ஏப்ரனை எங்கடா விட்டுட்டு வந்த?" என்றான் கோர்மக்.

"உங்க வீட்டுக் கொடியிலதான் காயுது. உன் பொண்டாட்டி நல்லாத் துவைச்சுக் குடுத்தா."

சிரிப்பு இந்த முறை கோர்மக் பக்கம் திரும்பியது. அவன் முகம் சிறுத்தது. அந்தச் சிரிப்புக்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கன்செப்டா ரூனி வந்தாள். அறுபது வயது. பள்ளிக்கூடத்துப் பக்கம் வீடு. ஒன்பது வருடமாக அந்தப் பிரிவில் இரண்டாம் பரிசு அவளுக்குத்தான். ஹொனோராவின் அடக்கத்துக்கு வந்து எல்லாரையும்விட அதிகம் அழுதவளும் அவள்தான்.

ஸ்டூலில் இருந்த ரொட்டியின் முன்னால் குனிந்தாள். சிலுவையைப் பார்த்தாள். தூக்கி அடியைப் பார்த்தாள். மோந்தாள்.

"இத யாரு சுட்டது?"

"நான்தான்கா."

"பொய் சொல்லாத. இது ஹொனோரா ரொட்டி. ஒன்பது வருஷமா இதை முறைச்சுப் பாத்துட்டிருக்கேன். என் புருஷன் மூஞ்சிய விட எனக்கு இது நல்லாத் தெரியும். உங்கம்மா போயி ஏழு மாசமாச்சு. கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து சுட்டுக் குடுத்தாளா?"

"நான் சுட்டேன். இன்னிக்குக் காலையில."

"அப்ப போன வருஷம் வந்தது? அதுக்கு முந்தின வருஷம்?"

மலாக்கி வாயை மூடிக்கொண்டான். கூட்டம் காத்திருந்தது. "சொல்லேன்டா" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். அவன் கழுத்து சிவந்தது. வார்த்தை கொடுத்தாயிற்று. கன்செப்டாவின் கண்ணை நேருக்கு நேராகப் பார்த்தபடி பேசாமல் நின்றான்.

"எல்லாத்தையும் அண்ணன்தான் சுட்டாரு" என்றது ஒரு குரல்.

டிம்ப்னா. கோப்பை வைத்திருந்த மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தாள். "டிம்ப்னா, நீ சும்மா இரு" என்றான் ஜார்லத். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அம்மாவுக்குக் கடைசி ஒன்பது வருஷம் விரல் நீளாது. அவங்களுக்குச் சட்டைப் பொத்தான் போட்டு விட்டது, தலை சீவி விட்டது, சூப் ஊட்டினது எல்லாம் அண்ணன்தான். ரொட்டியும் அவர்தான் சுட்டாரு. யாருகிட்டயும் சொல்லல. இப்பவும் சொல்ல மாட்டாரு, சொல்லாதன்னு நான்தான் வார்த்தை வாங்கினேன். அதனால நான் சொல்றேன். எங்க பாட்டி, அவங்கம்மா, அதுக்கு முன்னாடி யாரு யாரோ, எல்லாரோட ரொட்டியும் இதுதான். எனக்கு வரல. அவருக்கு வந்திருக்கு. என்ன இப்ப?"

கடைசி இரண்டு சொற்களைக் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். கோர்மக் கிளாஸைக் கீழே இறக்கினான்.

கையிலிருந்த ரொட்டியைக் கன்செப்டா ஸ்டூலில் திரும்ப வைத்தாள். "அப்ப ஒன்பது வருஷமா நான் தோத்தது இந்தப் பயகிட்டயா?" என்று கத்தினாள். ஜார்லத் பக்கம் திரும்பினாள். "இவன் ரொட்டிய மேசையில வை."

"நீங்களுமா? உங்களுக்குத்தான் நல்லது. அவர் இல்லைன்னா நீங்கதான் முதல்."

"அதான் வேணாங்கறேன்! செத்துப்போனவளை எப்படி ஜெயிக்கிறதுன்னு ஏழு மாசமாத் தூக்கம் வரல எனக்கு. இவன் உயிரோட இருக்கான். இவனைத் தோக்கடிச்சு வாங்கலைன்னா அந்தக் கோப்பையில தண்ணி ஊத்திக் கோழிக்குத்தான் வைக்கணும். வைக்கிறியா, இல்லையா?"

"விதிப்படி..."

கன்செப்டா மேசைக்குப் போய்த் தன் ரொட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். வெளியே போய்ப் புல்தரையில், தன் கைக்குட்டையை விரித்து அதன்மேல் வைத்தாள். அடுத்து தபாலாபீஸ்காரர் மனைவி தன்னுடையதை எடுத்தாள். பிறகு இரண்டு பேர், பிறகு ஐந்து பேர். கொஞ்ச நேரத்தில் மேசையில் வெள்ளைத் துணியும் எண் அட்டைகளும்தான் கிடந்தன. மலாக்கி தன் ரொட்டியை ஸ்டூலிலிருந்து எடுத்து வந்து வரிசையின் கடைசியில் புல்லில் வைத்தான்.

ஸ்லைகோவிலிருந்து வந்திருந்த நடுவர் கெராட்டி அம்மா இவ்வளவு நேரமும் ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். டீக் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தாள்.

"எங்க போறீங்க மேடம்?" என்றான் ஜார்லத்.

"ரொட்டி எங்க இருக்கோ அங்க. நான் அறுத்துப் பாக்கப் போறது ரொட்டியத்தான். சுட்டவங்க பாவாடை கட்டியிருக்காங்களா, கால்சட்டை போட்டிருக்காங்களான்னு பாக்க என்னைக் கூப்பிடல."

முழங்கால் வலியோடு புல்லில் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தட்டினாள், அறுத்தாள், மோந்தாள், ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். கன்செப்டாவின் ரொட்டிக்கும் மலாக்கியின் ரொட்டிக்கும் நடுவே மூன்று முறை போய்வந்தாள். கடைசியில் சிவப்பு அட்டையைக் கன்செப்டாவின் கைக்குட்டையில் வைத்தாள். இரண்டாம் பரிசின் நீல அட்டை மலாக்கிக்கு.

"உள்ளே பஞ்சு மாதிரி இருக்கு" என்றாள் அவனிடம். "அடித்தோல்தான் ரெண்டு நிமிஷம் கூட நின்னுடுச்சு. கோபத்தோட சுட்டீங்களா?"

"ஆமாம்மா."

"கோபமா இருந்தா கடிகாரத்தைப் பாத்துச் சுடுங்க."

டிம்ப்னா கோப்பையை எடுத்துக் கன்செப்டாவிடம் நீட்டினாள். இத்தனை வருடம் எதிர்பார்த்த முதல் பரிசு கோப்பையாகக் கைக்கு வந்ததும் அவளுக்கு அதை எப்படிப் பிடிப்பதென்று தெரியவில்லை. ஒரு காதைப் பிடித்தாள், இரண்டு காதையும் பிடித்தாள், பிறகு கூடைபோல இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். மூக்கை உறிஞ்சிவிட்டு மலாக்கியிடம் வந்தாள்.

"சீரகம் ஜாஸ்தி உன்னதுல."

"நாக்கு செத்தவங்களுக்கு அப்படித்தான்கா இருக்கும்."

"அடுத்த வருஷமும் வருவியா?"

"நீங்க உயிரோட இருந்தா."

அவள் அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டுப் போனாள்.

ஜார்லத் பெண்டாட்டியின் பக்கத்தில் வந்து நின்றான். "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பேசிக்கலாம்" என்றாள் டிம்ப்னா. குனிந்து அண்ணனின் ரொட்டியில் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள். மென்று முடிக்கும்வரை அவனைக் காக்க வைத்தாள். "இன்னிக்குச் சாப்பாடு அண்ணன் வீட்டுல. வர்றதுன்னா வா. கமிட்டிய மட்டும் கூட்டிட்டு வராத."

மலாக்கி நீல அட்டையைச் சட்டைப் பையில், வெளியே தெரியும்படி செருகிக்கொண்டு, மிச்ச ரொட்டியோடு பீர்க் கூடாரத்துக்கே போனான். ஓரமாக ஒதுங்கிப்போவான் என்று அங்கிருந்தவர்கள் நினைத்திருக்க வேண்டும். அவன் நட்டநடு மேசையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்து வைத்தான். முதலில் யாரும் கிட்டே வரவில்லை. பிறகு ஒருவன் துண்டு கேட்டான். பிறகு இன்னொருவன். "தயவு பண்ணுன்னு சொல்லிக் கேளு" என்று ஒவ்வொருவனையும் சொல்ல வைத்துத்தான் கொடுத்தான்.

மேசையைச் சுற்றி நின்றவர்கள் விலகிய பிறகு கோர்மக் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு தலையைக் குனிந்து மலாக்கியின் காதுக்குக் கிட்டே வந்தான்.

"என் பொண்டாட்டி பிரிஜிட்டுக்கும் கை மரத்துப் போகுதுடா. ரெண்டு மாசமா எதையும் பிடிக்க முடியல. வெளியில சொல்லிக்கல நாங்க." சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான். "அந்த ஆப்பசோடா... எவ்வளவு போடணும்?"

மலாக்கி அவனைப் பார்த்தான். காலையில் சொன்ன ஏப்ரன் பேச்சு நினைவுக்கு வந்து உள்ளே சுருக்கென்றது. இதையும் காதோடு காதாகச் சொன்னால் நாளையே அந்த வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டுதான் மாவு பிசைவார்கள். கூடாரம் முழுக்கக் கேட்கும்படி குரலை உயர்த்தினான்.

"ஒரே ஒரு சின்ன ஸ்பூன், கோர்மக்! தலைதட்டி! கட்டி இல்லாம நசுக்கிட்டுப் போடணும்!"

கூடாரத்தில் எல்லாத் தலைகளும் திரும்பின. கோர்மக் காதுவரை சிவந்தான். எழுந்து ஓடிவிடுவான் என்றுதான் மலாக்கி நினைத்தான். கோர்மக் எழவில்லை. கிளாஸை டொக்கென்று மேசையில் வைத்துவிட்டு, அவனும் அதே சத்தத்தில் கேட்டான்.

"மோர் எவ்வளவு?"